தமிழில் சண்டைபிடிக்கத் தெரிந்த பிள்ளைகள்

நேற்றுக் காலை தோர்ண்டன் ஹீத்தில் ஓர் ஆரம்பப் பாடசாலையின் மண்டபக் கதவைத் தள்ளித் திறந்தேன். கிருமிநாசினியும் உடற்பயிற்சி விரிப்புகளின் இறப்பரும் வெள்ளிக்கிழமை மதிய உணவில் மிஞ்சிய அவித்த போஞ்சியும் கலந்த அந்த மணம் வாசலிலேயே நின்றது. இலண்டனில் சனிக்கிழமைகளில் வாடகைக்கு விடப்படும் எல்லாப் பாடசாலைகளுக்கும் ஒரே மணந்தான். உங்களுக்கு அது பிடிக்காது. "ஆசுப்பத்திரிக்குள்ள சமையல் நடக்கிற மாதிரிக் கிடக்கு, அக்கா" என்று மூக்கைச் சுளிப்பீர்கள். சுளித்துக்கொண்டே மேசைகளை இழுத்துப் போடத் தொடங்குவீர்கள். நேற்று மேசைகளை இழுத்தவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக இருந்தேன். சிறப்பு விருந்தினருக்கு மேசை இழுக்கும் உரிமை இல்லை.

இந்த மடலை 'அன்புள்ள' என்று தொடங்கியிருக்க வேண்டும். நாம் இருவரும் அந்தச் சொல்லை ஒருவருக்கொருவர் பயன்படுத்தியதில்லை. நீங்கள் போய் இரண்டு குளிர்காலம் கழிந்தபின் அதைப் புதிதாகப் பழகவும் எனக்கு விருப்பமில்லை.

என்னை அழைத்தவர் அங்கே புதிதாகத் தொடங்கும் தமிழ்ப் பாடசாலையின் அதிபர். நாற்பது வயது இருக்கும்; மருந்தாளர்; சுவிற்சர்லாந்தில் வளர்ந்து இங்கே வந்தவர். "அன்ரி, உங்கட பள்ளிக்கூடத்தில ரீச்சர்மார் எல்லாரையும் ஒரே நோக்கத்துக்குக் கொண்டு வந்தனீங்கள் எண்டு சொல்லுகினம். அதை எங்கட ஆக்களுக்கும் ஒருக்கா வந்து சொல்லித் தாங்கோ. நாங்கள் எட்டுப் பேர், ஒன்பது திசையில நிக்கிறம்" என்றார். அந்த ஒன்பதாவது திசைக்காகவே பிக்காடிலி, விக்டோரியா என்று வண்டி மாறி மாறிப் போனேன்.

போய்ப் பார்த்தால், நம் பாடசாலையின் இலட்சியத்தைச் சொல்லும் தூரநோக்கு வாக்கியம் அவர்களுடைய சுவரில் ஏற்கெனவே அச்சாகித் தொங்குகிறது. கீழே என் பெயர். பெயருக்குப் பின்னால் என் பட்டம் வேறு. அந்த வாக்கியம் என்னுடையது அல்ல என்று தெரிந்தவர்கள் ஆளுக்கொரு ஊராகச் சிதறிவிட்டார்கள். அவர்களில் முக்கியமானவரைத் தகனம் செய்தாயிற்று. நான் வாயைத் திறக்காவிட்டால் அந்தப் பெயர் அங்கேயே கிடக்கும். இன்னும் பத்து நிமிடத்தில் என்னைப் பேச அழைப்பார்கள். சொல்வதா, விடுவதா என்று அந்த நாற்காலியில் இருந்தபோதும் நான் முடிவெடுத்திருக்கவில்லை.

ரெய்னர்ஸ் லேனில் நாம் தொடங்கியதும் இப்படியொரு மண்டபத்தில்தான். ஏன் தொடங்கினோம் என்பது இன்றைய ஆட்களுக்குத் தெரியாது. அப்போது நான் படிப்பித்துவந்த பெரிய தமிழ்ப் பாடசாலையொன்றின் பேச்சுப் போட்டிக்கு நானே நடுவர். ஏழு வயதுப் பெண்பிள்ளை ஒன்று தமிழின் பெருமை பற்றி நான்கு நிமிடம் முழங்கியது. மண்டபமே எழுந்து கைதட்டியது. பரிசைக் கையில் கொடுத்துவிட்டு, "சாப்பிட்டாச்சோ, பிள்ளை?" என்று கேட்டேன். பிள்ளை தாயைத் திரும்பிப் பார்த்தது. அதன் கையிலிருந்த தாளில் பேச்சு முழுவதும் ஆங்கில எழுத்தில் இருந்தது. அடுத்த வாரமே அங்கிருந்து விலகினேன். ஏழு ஆசிரியர்கள் என்னோடு வந்தார்கள். பிரிந்து போய்ப் புதிதாகத் தொடங்குவதில் நம்மவர்களுக்கு ஈடில்லை.

எட்டாவதாக வந்தவர் நீங்கள். ஜெர்மனியில் பதினாறு ஆண்டு முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் நின்றுவிட்டு வந்து, ரெய்னர்ஸ் லேனில் வீட்டின் முன்னறையில் சாறிச் சட்டை தைத்துக்கொண்டிருந்தீர்கள். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது என்று நீங்களே முதல் நாள் சொன்னீர்கள். நான் தமிழில் சிறப்புப் பட்டம் பெற்றவள். இந்த வித்தியாசத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொண்டேன். நீங்கள் ஒருபோதும் நினைக்கவில்லை என்பது எனக்கு வெகு காலத்தின் பின்னர்தான் தெரிந்தது.

இலங்கையில் எந்தப் பாடசாலைக்குப் போனாலும் சுவரில் தூரநோக்கு ஒன்று தொங்கும். அது இல்லாத பாடசாலை பெயர்ப்பலகை இல்லாத கடை என்பது என் எண்ணம். மூன்று வாரம் சாப்பாட்டு மேசையில் தனியே இருந்து எழுதினேன். ஒரே வாக்கியம். 'புலம்பெயர் மண்ணில்' என்று புறப்பட்டு, தொன்மை, மாண்பு, விழுமியம் என்று ஏறி, 'மேன்மையுறச் செய்தல்' என்று போய் நிற்கும். இன்றும் அதில் ஓர் இலக்கணப் பிழை காட்ட எவராலும் முடியாது.

முதற் கூட்டத்துக்கு ஆசிரியர் அறை நமக்குத் தரப்படவில்லை. ஐந்து வயதுப் பிள்ளைகளின் வகுப்பில், அவர்களுடைய நாற்காலிகளில், முழங்கால் நாடியில் முட்ட எல்லோரும் இருந்தீர்கள். அந்த நாற்காலியில் இருந்துகொண்டு அதிபராக இருக்க முடியாது என்று நான் மட்டும் நின்றேன். வாக்கியத்தை வாசித்து முடித்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

"நல்ல வடிவான தமிழ், அக்கா" என்றீர்கள். "ஆருக்கு?"

"என்ன, ஆருக்கு?"

"இல்லை, ஆர் வாசிக்கிறதுக்கு எண்டு கேட்டன். பிள்ளையளுக்கோ, தாய் தேப்பனுக்கோ, எங்களுக்கோ?"

"எல்லாருக்கும்."

"ஓம்" என்றீர்கள். உங்களிடம் அப்படி ஒரு 'ஓம்' இருந்தது. சட்டை தைக்க வந்தவர் தன் இடுப்பளவைத் தானே சொல்லும்போது, அளவுநாடாவைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் சொல்லும் 'ஓம்'.

நான் இரண்டு விதிகள் வைத்தேன். சனிக்கிழமைதோறும் வகுப்புத் தொடங்குமுன் ஆசிரியர்கள் எல்லோரும் எழுந்து நின்று தூரநோக்கை ஒரே குரலில் வாசிக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழை எவருடைய கையில் கண்டாலும் அவருக்கு அங்கே இடமில்லை.

முதலாம் தவணை அமைதியாகப் போயிற்று. எட்டுக் குரலும் ஒன்றாக ஒலித்தன. ஒரு சொல் தவறவில்லை. ஒரு பாடசாலையைக் கட்டியெழுப்புவது இவ்வளவு எளிதா என்று நான் வியந்துகொண்டிருந்தேன்.

இரண்டாம் தவணையில் மழை கொட்டிய ஒரு சனிக்கிழமை. நம்மில் இளையவள், பாலர் வகுப்பு எடுத்தவள், இலண்டனிலேயே பிறந்த இருபத்துமூன்று வயதுப் பெண், பின்வரிசையில் நின்று வாசிக்கும்போது கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்கோ செய்தி அனுப்புகிறாள் என்று நினைத்துப் போய்ப் பறித்தேன். திரையில் இருந்தது என் வாக்கியம். ஆங்கில எழுத்தில்.

"இது என்ன?"

"சொறி மிஸ். நான் தமிழ் கதைப்பன். வாசிக்கவும் ஏலும். ஆனா இந்த வசனம் மட்டும் சரியான கஷ்டம். பிழை விட்டா நீங்கள் ஏசுவீங்கள் எண்டு அம்மாதான் எழுதித் தந்தவ."

"எதை விட்டு ஓடி வந்தமோ, அதையே நீர் கைக்குள்ள கொண்டு வந்திருக்கிறீர். பிள்ளையளுக்குப் படிப்பிக்கிற தகுதி உமக்கில்லை. போகலாம்."

அவள் மேலங்கியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். குடையை மறந்துவிட்டுப் போனாள். மற்றவர்கள் என் பக்கம் நிற்பார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். நீங்கள் மெதுவாகப் போய் ஒரு சின்ன நாற்காலியில் இருந்தீர்கள்.

"அப்ப நானும் போகத்தான் வேணும், அக்கா."

"நீங்கள் ஏன்?"

"நானும் பாடமாக்கித்தான் சொல்லுறன். உந்த 'விழுமியம்' எண்டா என்னெண்டு இண்டைக்கும் தெரியாது. கேக்க வெக்கமாக் கிடந்தது."

மூன்றாம் வகுப்பு எடுத்தவர், வாரநாட்களில் பேருந்து ஓட்டுபவர், தொண்டையைச் செருமினார். "எனக்கும் அப்பிடித்தான். கோயில்ல ஐயர் மந்திரம் சொல்லேக்கை பேரையும் நட்சத்திரத்தையும் மட்டும் சத்தமாச் சொல்லிப்போட்டு மிச்சத்துக்கு வாயை அசைக்கிறேல்லையோ?" எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வகுப்பு முடிவதற்குள் மூன்று பேர் அடுத்த கிழமை வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். எட்டில் நான்கு போனால் பாடசாலை இல்லை. அதை எனக்கு ஒருவரும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

நடுவராக இருந்து நான் கண்டு அருவருத்த அதே போட்டியை எட்டுப் பெரியவர்களை வைத்து வாராவாரம் நடத்தி, பரிசையும் எனக்கு நானே கொடுத்து வந்திருக்கிறேன். இதை அன்றே உணர்ந்தேன் என்று எழுதினால் அது பொய். அன்று எனக்குக் கோபம் மட்டுமே வந்தது. உணர்வதற்கு மூன்று ஆண்டு பிடித்தது.

மேசைகளைப் பழையபடி அடுக்கிக்கொண்டிருந்தபோது வந்து கேட்டீர்கள்: "வாற சனி ஒரு மணித்தியாலம் எனக்குத் தாங்கோ. ஆனா நீங்கள் வாய் திறக்கப்படாது."

"நான் அதிபர்."

"அதுதான் சொல்லுறன்."

அடுத்த சனிக்கிழமை எட்டுப் பேரும் வந்தார்கள். அந்தப் பெண்ணும் வந்தாள். அவரவர் மனச்சாட்சி அழைத்து வந்தது என்று எண்ணிக்கொண்டேன், எவரிடமும் கேட்கவில்லை. நீங்கள் சுட்டிய சின்ன நாற்காலியில் நானும் இருந்தேன். இடுப்பு இரண்டு நாள் வலித்தது.

"உங்கட வகுப்பில ஒரு பிள்ளையை நினையுங்கோ" என்றீர்கள். "ஒரேயொரு பிள்ளை. எங்களை விட்டுப் போகேக்கை அந்தப் பிள்ளை தமிழில ஆருக்கு என்ன சொல்லக்கூடியதா இருக்கோணும்?"

அதன்பிறகு நீங்கள் எதுவுமே சொல்லவில்லை. வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு தைப்பவர்களுக்கு மட்டும் வாய்க்கும் பொறுமை அது. நானாக இருந்திருந்தால் பத்து விநாடியில் எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொல்லியிருப்பேன். மழைத்தண்ணீர் கூரைப் பீலியில் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

பேருந்து ஓட்டுபவர்தான் முதலில் பேசினார். "என்ர வகுப்பில ஒருத்தன். தேப்பன் என்னைப்போல ஷிப்ட். ரெண்டு பேருக்கும் ஹாய், பாய் மட்டும்தான். 'இண்டைக்கு வேலையில என்ன நடந்தது, அப்பா?' எண்டு அவன் கேக்கோணும். மறுமொழி விளங்கோணும். அவ்வளவு காணும்." இன்னொருவர், மருத்துவரிடம் தாய்க்கு மொழிபெயர்க்கும் பிள்ளையைப் பற்றிச் சொன்னார்: "தாய்க்கு இடுப்பு நோ. பிள்ளை கழுத்தைக் காட்டியிருக்கு. மனுசி கழுத்துக்குப் பூசுற மருந்தோட வந்து நிக்குது." பிறகு ஒருவர் பின் ஒருவராகப் பேசினார்கள். கடைசியாக அந்தப் பெண்.

"நானும் அம்மாவும் சண்டை பிடிக்கேக்கை நான் இங்கிலிசுக்குப் போயிடுவன். அவவுக்கு விளங்காது. அவ தமிழில அழுவா. சண்டை முடியிறேல்லை, சும்மா அப்பிடியே நிண்டுபோகும். என்ர பிள்ளையள் தமிழிலயே சண்டை பிடிச்சு, தமிழிலயே முடிக்கோணும்."

"உந்த வசனத்தைத்தான் எழுதோணும்" என்றார் பேருந்து ஓட்டுபவர். நான் வாயைத் திறந்தேன். நீங்கள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தீர்கள். மூடிக்கொண்டேன்.

'தமிழிலேயே சண்டைபிடித்து, தமிழிலேயே சமாதானமாகத் தெரிந்த பிள்ளைகள்.' ஒன்பது பேரும் ஒப்புக்கொண்ட வாக்கியம் அதுதான். அதை எவரும் எழுந்து நின்று வாசிக்கவில்லை. வாசிக்கத் தேவையும் இருக்கவில்லை. பெற்றோர் குழு, பாடசாலைச் சுவரில் சண்டை என்ற சொல்லா என்று பதறியபோது நான் வாதாடினேன். அந்தளவு பெருமை எனக்கு உண்டு. பேச்சுப் போட்டியை நிறுத்தினோம். ஆண்டு விழாவில் தாயும் பிள்ளையும் மேடையேறி வாக்குவாதம் செய்தார்கள். "நீங்கள் சொன்னா முடிஞ்சுதோ, அம்மா? அப்ப எனக்கு ஏன் வாய் கிடக்கு?" என்று எட்டு வயதுப் பையன் ஒருவன் கேட்டபோது மண்டபம் அதிர்ந்தது. நீங்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணைச் சாறித் தலைப்பால் துடைத்தீர்கள்.

விழா மலருக்கு அந்த வாக்கியம் போனபோது கீழே யாருடைய பெயர் என்று அச்சகத்தில் கேட்டார்கள். உங்களிடம் வந்து கேட்டேன். "உங்கட பேரைப் போடுங்கோ, அக்கா. பட்டம் இருக்கிற பேர் எண்டா ஒருத்தரும் மறுகேள்வி கேக்க மாட்டினம்" என்றீர்கள். அது ஒரு வசதிக்காகச் சொன்னது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். சில ஆண்டுகளில், நானே எழுதியதாகப் பாதி நம்பவும் தொடங்கிவிட்டேன். மற்றப் பாதி உங்களைக் காணும்போதெல்லாம் கூசும். கூச்சத்தை நான் அதட்டலாக மாற்றிக்கொள்வது உங்களுக்குத் தெரியும். அதையும் ஓர் 'ஓம்' போட்டு வாங்கிக்கொண்டீர்கள்.

விழா முடிந்து ஓராண்டு கழித்து அந்தப் பெண் திருமணமாகி மில்ரன் கீன்ஸுக்குப் போகுமுன் என்னிடம் விடைபெற வந்தாள். "மிஸ், அண்டைக்கு நீங்கள் சொறி சொல்லி அனுப்பாட்டி நான் திரும்பி வந்திருக்கவே மாட்டன்" என்றாள். நான் எதையும் சொல்லி அனுப்பியிருக்கவில்லை. நேரே உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தீர்கள்.

"நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொன்னீர்களா?"

"ஓம். மழையோட மழையா அவளின்ர குடையையும் கொண்டுபோய்க் குடுத்துச் சொன்னனான். மற்ற மூண்டு பேரிட்டயும் சொன்னனான்."

"பொய்."

"பொய்தான். நீங்களாச் சொல்லும் வரைக்கும் பாத்துக்கொண்டிருந்தா, அக்கா, பள்ளிக்கூடத்தில கதவுத் திறப்போட நிக்கிற கெயார்ரேக்கர் மட்டும்தான் மிஞ்சியிருப்பார்."

மூன்று வாரம் உங்களோடு பேசவில்லை. நான்காவது வாரம் நீங்கள் தைத்த சட்டை ஒன்று தபாலில் வந்தது. அளவு கச்சிதம். நான் அளவே தரவில்லை.

உங்கள் இறுதிக்கிரியையில் என்னைப் பேசச் சொன்னார்கள். தகனசாலையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அரைமணி நேரம். அடுத்த வண்டி வாசலில் காத்துக்கொண்டிருக்கும். எனக்குத் தந்தது ஐந்து நிமிடம். நான் எழுதிக்கொண்டு போனேன். தொன்மை, மாண்பு எல்லாம் அதில் இருந்தன; விழுமியமும் இருந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள். ஆருக்கு என்று கேட்க எவரும் இருக்கவில்லை. வாக்கியத்தைப் பற்றி அன்று நான் மூச்சுவிடவில்லை. இரண்டு ஆண்டாக என்னை அரித்தது அந்த ஐந்து நிமிடந்தான்.

நேற்று எழுந்து நின்றேன். தயாரித்த உரை கைப்பையில் இருந்தது, எடுக்கவில்லை. "அந்தத் தாளில கிடக்கிற பேர் பிழை" என்றேன். புதிய அதிபர் பாய்ந்து போய் எழுத்துக்கூட்டிப் பார்த்தார். எழுத்துச் சரி, ஆள்தான் பிழை என்றேன்.

"அப்ப உந்த வசனத்தை எழுதினது ஆர், அன்ரி?"

"எட்டுப் பேர். அவையளைக் கேட்டது ஒரு தையல்காரி. நான் எழுதினது வேற. அதை ஒருத்தருக்கும் விளங்கேல்லை." உங்கள் பெயரைச் சொன்னேன். முழுப்பெயரையும். அந்த மழைநாளையும், நான் அந்தப் பெண்ணுக்குச் சொன்னவற்றையும் சொன்னேன். எட்டு முகமும் என்னைப் பார்த்தபடி இருந்தன. எனக்கு மகிழ்ச்சியாக இல்லை. இலேசாகவும் இல்லை. பல் பிடுங்கியபின் நாக்கு அந்த இடத்தைத் தேடுவதுபோல இருந்தது.

"பேரை மாத்திவிடுறன், அன்ரி" என்றார் அதிபர். அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் குரல்: "பேர் கிடக்கட்டும் அண்ணை. உந்த வசனமே எங்களுக்குச் சரிவராது. எங்கட பிள்ளையள் எங்க சண்டை பிடிக்குதுகள்? போனோட அறைக்குள்ள போனா, பீட்சா வந்தாத்தான் வெளியில வருதுகள்." அதிபரின் முகம் வெளிறியது. விருந்தினரின் முன்னால் இப்படியா என்று அவளை முறைத்தார்.

பழைய நானாக இருந்திருந்தால் அவளைச் சொல்லால் நிலத்தில் இருத்தியிருப்பேன். "அப்ப அதைக் கழட்டுங்கோ" என்றேன். அவர்கள் கழற்றினார்கள். உங்கள் கேள்வியை, உங்கள் சொற்களிலேயே கேட்டேன்: ஒரு பிள்ளை, ஆருக்கு, என்ன. பிறகு இருந்துவிட்டேன். நாக்கைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு இருந்தேன். பீட்சாவைப் பற்றிச் சொன்ன பெண்ணே முதலில் பேசினாள். ஒரு மணித்தியாலம் முடிந்தபோது அவர்களிடம் வாக்கியம் எதுவும் இருக்கவில்லை. ஒருவரையொருவர் மறித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கிளம்பியதைக் கவனித்தவர் அதிபர் மட்டுந்தான்.

திரும்பும் வண்டியில் இதைச் சொல்ல ஆள் தேடினேன். என் கணவரோடு நான் ஆயுள் முழுவதும் சண்டைபிடித்தது இலக்கண சுத்தமான தமிழில். அதனாலோ என்னவோ அவர் ஒருநாளும் பதில் பேசவில்லை. இப்போது பதில் பேசாமல் இருக்கவும் அவர் இல்லை. பிள்ளைகள் எங்களுக்கு இல்லை. ரெய்னர்ஸ் லேன் கடைகளில் எல்லோரும் என்னை மதிக்கிறார்கள். வரிசையில் முன்னால் விடுகிறார்கள். நான் எதைச் சொன்னாலும் "ஓம் அன்ரி" என்கிறார்கள். அந்த ஓமுக்குள் ஒன்றுமே இல்லை. நான் பிழை என்று என்னிடமே சொல்வதற்கு இந்த மாநகரத்தில் ஓர் ஆள் இருந்தார். எழுபத்தெட்டு வயதில் மரியாதை என்பது ஒரு வெறும் அறை.

குடையை மறந்துவிட்டுப் போன அந்தப் பெண் இன்னும் தைப்பொங்கலுக்குச் செய்தி அனுப்புவாள். இரண்டு பிள்ளைகள், வீட்டில் சண்டை தமிழில்தான் நடக்கிறதாம். அவளிடமும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இன்று காலை அவளுடைய இலக்கத்தை எடுத்து வைத்தேன். அழுத்தவில்லை. சொன்னால் எனக்குப் பாரம் குறையும்; அவளுக்கு, என்றோ கிடைத்த ஒரு மன்னிப்புக் கேட்டல் இல்லாமற் போகும். அது நல்ல கொடுக்கல் வாங்கல் அல்ல.

ஆகவே, நீங்கள் என் பெயரில் கேட்ட மன்னிப்பை அப்படியே வைத்திருக்கிறேன். அதை உண்மையிலேயே கேட்டிருக்கக்கூடிய ஒரு மனுஷியாக நடக்கப் பழகுகிறேன். முன்னேற்றம் மெதுவாகத்தான் இருக்கிறது.